இருபது கேள்வி

பம்பலப்பிட்டியில் ஒரு பார்மசிக்கு மேலே
மூன்றாம் மாடிக் கந்தோர்.
வேலை கேட்டு வந்த ஆறு பேருக்கும்
எச்டிஎம்எல் சோதனை. பதினைந்து நிமிடம்.

பந்திக்கு எந்தக் குறி? பி.
மிகப் பெரிய தலைப்பு? எச் ஒன்று.
எச் ஆறு என்று போட்டிருந்தான் பக்கத்து மேசை நிஸ்தார்.
பெரிய எண், பெரிய எழுத்தென்று நினைத்திருப்பான், பாவம்.
போன மாதம் வரை நானும் அப்படித்தான்.

கரையோர ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்தது.

பதினோராவது:
மூடும் குறி தேவைப்படாத ஒன்றை எழுதுக.
பீ ஆர். வரியை முறிப்பது.
முறித்துவிட்டுப் போய்விடும்,
திரும்பி வந்து கதவைச் சாத்தாது.
செந்தூரன் இப்போது ஸ்கார்பரோவில்.
அரை நிமிடம் அவனுக்குப் போனது.

பதினாறு:
படம் வராவிட்டால் அந்த இடத்தில் என்ன தெரியும்?
ஆல்ட். முன்கூட்டியே எழுதி வைத்த சொல்.
எழுதி வைக்காவிட்டால்?
அதைக் கேட்கவில்லை.

விண்ணப்பத்தின் மூலையில் ஒட்டிய என் படம்
பஸ்ஸில் வியர்வைக்கே கழன்று விழுந்திருந்தது.
பசை காய்ந்த சதுரத்துக்குள்
பென்சிலால் எழுதினேன்:
மூக்குத்தி போட்ட பெண், வயது முப்பத்தொன்று,
சிரிக்கச் சொன்னதால் சிரிக்கிறாள்.

பதினெட்டுச் சரி என்றார்கள்.
பிழைத்த இரண்டும் எவையென்று
சொல்லவில்லை.