கூரை திறக்கப் பதினான்கு நொடி

ஒன்றரைக் கோடி வரைக்கும் போகலாம்
என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார்,
சர்க்கரை நோயாளிக்கு
ஒரே ஒரு மக்கன்பேடா அனுமதிக்கும்
டாக்டரின் குரலில்.

மேசைமேல் மூன்று வண்டிகளின் படம்.
ஜெர்மன்காரனுடையது துணிக்கூரை.
இத்தாலிக்காரனுடையதில் பின்சீட் என்ற பெயரில்
கைப்பை வைக்க ஒரு பள்ளம்.
இங்கிலீஷ்காரனுடையது அழகு.
பழுதானால் லாரிமேல் ஏற்றி
சென்னைக்கு அனுப்ப வேண்டிய அழகு.

எனக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை வண்டி இல்லை.
தினமும் ஏழே முக்காலுக்கு
பாகாயத்திலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்,
இருட்டியபின் திரும்பி.
நடுவில் கோட்டை, கிரீன் சர்க்கிள்,
மாநகராட்சிக்கே கணக்குத் தெரியாத வேகத்தடைகள்.
டிக்கியில் மூன்று சுருள் தோல் சாம்பிள்,
ஒரு டிபன் கேரியர்.
கூரையை மடித்தால் கேரியருக்கு இடமில்லை.
மடிக்காவிட்டால்
எதற்கு இந்த வண்டி?

ஏகாம்பரம் பத்தொன்பது வருஷமாய் எனக்கு ஓட்டுகிறார்.
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இன்னா மேடம், மூடியில்லாத வண்டிக்கு இம்மாங்காசா?
எங்க மச்சான்கிட்ட குட்டியானை கீது,
பின்னாடி நின்னா காத்து பிச்சிக்கினு போவும்."
பிறகு, படத்தைப் பார்த்தபடியே,
"ரெண்டு சீட்டுதானா?"
நானே ஓட்டப் போகிறேன் என்றேன்.
சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.
மறுபடி வெளியே எடுத்தார்.

"வருஷத்துல எத்தனை நாள்மா திறப்பீங்க,
அந்த வெயில்ல?"
துபாயிலிருந்து ஸுமையா கேட்டாள்.
எண்ணினேன்.
மார்கழி, தை விடியல்கள்,
மழை விட்ட சில சாயங்காலங்கள்.
நாற்பத்தொன்று வந்தது.
ஒன்றரைக் கோடியை நாற்பத்தொன்றால் வகுத்து
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜெர்மன் வண்டியை ஓட்டிக் காட்ட வந்த
பிரவின்ராஜுக்கு வயது இருபத்தாறு இருக்கும்.
"சீட் முழுக்க இயற்கையான தோல் மேடம்,
கைபடாதது."
கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை அழுத்தினேன்.
தம்பி, இந்த மாடு முள்வேலியில் உரசியிருக்கிறது.
உண்ணியும் கடித்திருக்கிறது.
தேய்த்து, சாயம் ஏற்றி,
மேலே புதிதாய் ஒரு தோல்ரேகை அச்சடித்திருக்கிறார்கள்.
நானும் இருபத்திரண்டு வருஷமாய்
அதைத்தான் செய்கிறேன், நன்றாகவே.
அவன் கையேட்டில் மாட்டைத் தேடினான்.

விடிகாலை ஐந்தரை.
முக்காட்டை முகவாய்க்குக் கீழே முடிந்துகொண்டேன்.
மேல்விஷாரத்தில் பாங்கு சத்தம்
கண்ணாடியைத் தட்டாமல் நேரே வந்தது.
ஆற்காட்டில் பரோட்டாக் கல்லைக் கழுவுகிற ஓசை.
இவ்வளவு காலம் இந்தச் சாலையை
ஊமைப்படமாகப் பார்த்திருக்கிறேன்.

பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், மணலுக்கு நடுவே
தண்ணீர் மாதிரி ஏதோ.
அக்கரை ஏறியதும் வந்தது அது:
சுண்ணாம்பு, சல்பைடு,
ஊறிக் கழன்ற மயிர்.
பிரவின்ராஜ் மூக்கைப் பொத்தினான்.
யாருடைய வண்டியில் வருகிறோம் என்பது உறைக்க
கையை இறக்கினான்.

எனக்குத் தெரியாத வாசனையா?
ஷெட்டுக்குள் தெரியும். காலில் ரப்பர் பூட்ஸோடு தெரியும்.
சாலையில் தெரியாது.
பாலம் ஏறும்போதே
வெளிக்காற்றை அடைக்கிற பொத்தானை
ஏகாம்பரம் அழுத்திவிடுவார்.
அழுத்தச் சொன்னதாய் எனக்கு ஞாபகமில்லை.

கம்பெனி வாசலில் முதல் ஷிப்டு.
பினிஷிங் செக்ஷன் கஸ்தூரி
சாப்பாட்டுப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு
கதவோரம் வந்து நின்றாள்.
அவள் கண்ணும் என் கண்ணும் ஒரே உயரத்தில்.
"புதுசா மேடம்?"
"இல்ல, சும்மா பாக்கத்தான்."
"பொண்ணுக்கா?"
"எனக்கு."
"தலைக்கு எண்ணெய் வச்சிக்கங்க. காய்ஞ்சிரும்."

முன்பணம் கட்டியாயிற்று.
ஜெர்மன்காரனுடையதே, ஆனால் நாலு சீட்.
நிறம் கேட்டுத் தினமும் போன் வருகிறது.
ஸுமையா நீலம் என்கிறாள்.
ஏகாம்பரத்துக்குத் தூசி தெரியாத நிறம் வேண்டும்.
இடப்பக்கம் அவர் உட்காருவார்,
வேகத்தடைக்கு முன்னால்
இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தபடி.
பாலம் வரும்.
அவர் விரல் அந்தப் பொத்தானைத் தேடும்.
அழுத்தட்டும்.