பாத்துக் குடுங்க

எவ்வளவு தம்பி என்று கேட்டால்
"பாத்துக் குடுங்க்கா" என்கிறான் திருமூர்த்தி.
பார்ப்பது அவன் தொழில்,
கொடுப்பது மட்டும் என்னுடையது
என்றிருந்தேன்.
பார்க்கிற வேலையையும் என் தலையில் போட்டுவிட்டான்.

நான் திருப்பூரில் காஸ்ட்டிங் போடுகிறவள்.
ஒரு சிறுபிள்ளை பனியனுக்கு
நூல் இவ்வளவு, நிட்டிங் இவ்வளவு, சாயம் இவ்வளவு,
கழுத்துப் பட்டிக்கு எழுபது பைசா,
பிசிறு வெட்ட இருபது.
பையர் ஐந்து சென்ட் குறை என்றால்
அது யார் கூலியில் குறையும் என்று
தூக்கத்திலும் சொல்வேன்.

பத்திரிகைக் கவரின் முதுகில் எழுதினேன்:
லென்ஸ் வாடகை, காந்திபுரத்தில் நாளுக்குத் தொள்ளாயிரம், ரெண்டு நாள்.
உடுமலையிலிருந்து பெட்ரோல்.
லைட் பிடிக்க ஒரு சிநேகிதன், சோறு போக ஐந்நூறு.
ஆல்பம் அச்சு.
முந்தின நாள் சீர் தொடங்கி
மறுநாள் கடைசிப் பந்தி எழும்வரை
நிற்கிற கால்.
கால் என்று எழுதி
எதிரே தொகை போடாமல் விட்டேன்.

சின்ன மாமா எட்டிப் பார்த்தார்.
"பழகற பையனுக்கு என்னத்துக்கு அம்மிணி அத்தன?
வவுத்துக்குச் சோறு, வண்டிக்குப் பெட்ரோலு.
பேரு கெடைக்குதல்ல?"

பேர் என்ன விலைக்குப் போகிறதென்று எனக்குத் தெரியும்.
டென்மார்க்காரி ஒருத்திக்கு
அறுபத்து மூன்று சாம்பிள் காசில்லாமல் அனுப்பினோம்.
அருமை, அருமை என்று மெயில் போட்டாள்.
ஆர்டர் டாக்காவுக்குப் போனது.

ஆனால் பயமும்தான்.
ரிஜெக்ட் ஆன பீஸைப் பிரித்துத் தைக்கலாம்.
தாலி ஏறுகிற நொடியில் இவன் கை உதறினால்
இன்னொருக்கா கட்டச் சொல்லுங்க என்று
அருமைக்காரரிடம் போய் நிற்க முடியுமா?
(மேடைப் பூவுக்கு நாற்பத்தைந்தாயிரம்.
அதற்கு யாரும் கவர் தேடவில்லை.)

உப்பு ஜவுளிக்கு ஈரோடு போன அன்று
"சும்மா வர்றனுங்க்கா" என்று வந்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு படம்.
பாதிக்கு மேல் கலங்கல்.
மூன்றில் என் முகம் பச்சை, கடை விளக்கின் பச்சை.
ஒன்றில்
பில் போடுமிடத்தில் அப்பா
எங்களுக்கு முதுகு காட்டி நோட்டு எண்ணுகிறார்,
கட்டைவிரல் நாக்கு நுனியில்.
உப்புப் பொட்டலத்தை இடுப்போடு அணைத்த அம்மா
அவர் விரலை எண்ணுகிறாள்.
நான் நாலடி தூரத்தில்தான் இருந்திருக்கிறேன்,
படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது,
கையில் பட்டுச்சேலையின் விலைச்சீட்டு.

இதைக் கவரில் எந்த வரியில் எழுத?

ராத்திரி கூப்பிட்டேன்.
"பதினெட்டாயிரம், தம்பி."
சத்தமில்லை.
அவனுக்குப் பின்னால் பல்லடம் பஸ் ஸ்டாண்ட்,
தாராபுரம் தாராபுரம் என்று யாரோ கத்துகிறார்.
குறைத்துச் சொல்லிவிட்டேனோ.
"சரி, இருபது."
தாராபுரம், தாராபுரம்.
"இருபத்திரெண்டு. அதுக்கு மேல ஆகாது சாமி."
"இல்லீங்க்கா..."
மூச்சு வாங்கினான்.
"பன்னெண்டு கேக்கலாமான்னு
ரோசன பண்ணீட்டே நின்னனுங்க்கா."

பதினோரு வருசம் விலை பேசியவள்
எதிராளி வாய் திறக்கும் முன்னே
தானாக ரெண்டு படி ஏறினேன்.
ஆபீசில் இதைச் சொல்லப் போவதில்லை.

சொன்ன விலை சொன்னதுதான்.
பத்தாயிரம் அட்வான்ஸ் போட்டேன்.
திரையில் அவன் பேர் வரவில்லை,
கே. பொன்னாத்தாள் என்று வந்தது.
சரிதானா என்று ஒருமுறை கேட்டு அனுப்பினேன்.
கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம்.
வாழ்த்துகள் என்று அடித்து, அழித்து,
இப்படி எழுதினேன்:

மெமரி கார்டு ரெண்டு வாங்கிக்கோ.
ரெண்டுலயும் பதியற மாதிரி வெச்சுக்கோ.