மூன்றாவது ஏரி

வரைபடத்தில் நீலம்.
தரையில் வெடித்த சேறு;
நடுவே யாரோ தொலைத்த தூண்டில் முள்.

"அடுத்ததில் இருக்கும்," என்றான் வெண்டல்,
முதல் ஏரியிலும் இதையே சொன்னவன்.
சியெராவில் ஆகஸ்ட். தோளில் பதினாறு கிலோ.
அதில் தண்ணீர், குலுக்கினால் கேட்கும் அளவு.

பாறைச் சரிவில் ஒரு வெள்ளைக் கோடு:
போன வருஷம் இதுவரை நின்றிருக்கிறது,
என் தலைக்கு மேலே.

மூன்றாவதில் இருந்தது.
முழங்கால் ஆழம்.
அதற்குள் அத்தனை மீன்களும்,
கடைசி பஸ்ஸைப் பிடித்தவர்கள் மாதிரி.
வெண்டல் தூண்டிலை எடுத்தான்,
பார்த்துக்கொண்டே நின்றான்,
மடக்கி வைத்தான்.

நெருப்புக்குத் தடை.
பச்சைத் தண்ணீரில் ஊறிய நூடுல்ஸ்.

இரவெல்லாம் ஏதோ கொறிக்கும் சத்தம்.
விடிந்து பார்த்தால், மார்மட் அணில் ஒன்று
என் பையின் இடது பட்டையில்
வியர்வை உப்புப் பூத்த இடத்தை மட்டும்
தின்றுவிட்டுப் போயிருந்தது.

ஒரு பக்கமாய்ச் சாய்ந்தபடியே
இறங்கினேன்.