ரீகண்டிஷன்

டிக்கிக்குள் தள்ளுவண்டி மடங்கிக் கிடக்குமா
என்று பார்க்க
எங்களிடம் தள்ளுவண்டி இல்லை.
ஆகவே உடுப்புக் காயப்போடும் ஸ்டாண்டைத்
தூக்கிக்கொண்டு போனோம்,
வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு,
நூறாம் நம்பர் பஸ்ஸில்.
கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான்.

இது நான்காவது சனிக்கிழமை.
துவாரகனிடம் ஒரு சின்னக் கொப்பி.
தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும்
எத்தனை அங்குலம்
(மே மாத மழைக்கு எங்கள் ஒழுங்கை
முழங்கால் வரைக்கும் கடல்),
லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்,
லீசிங் எத்தனை வருடம்.
அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
என் நாட்கள்,
சிவப்புப் பேனாவில், அவன் கையெழுத்தில்.
இரண்டு கணக்கும்
ஒரே காற்சட்டைப் பையில் வியர்க்கின்றன.

முதல் வாரம் பார்த்தது வெள்ளை,
கதவு பிரிட்ஜ் மாதிரிச் சாத்தியது.
இரண்டாவதற்கு நல்ல முகம்,
பின்னால் இருந்தால்தான்
முழங்கால் போய் முன் இருக்கையை முட்டும்.
மூன்றாவதை விற்றவர் குடும்பத்தோடு
மெல்பேர்ன் போகிறாராம்.
இருக்கையின் முதுகில்
சின்னச் சப்பாத்து உதைத்த அடையாளங்கள்.
துடைத்துத் தருகிறேன் என்றார்.
விலையைக் கேட்டபின்
அதைப்பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

ரிஸ்மியின் யார்டில்
கப்பலால் இறங்கி ஒன்பது நாளான ஒன்று.
மழைக்கு முந்திய கல்கிசைக் கடலின் நிறம்.
கிராஸ்ஓவர் எண்டா என்ன, சரியாச் சொல்லுங்கோ.
"காருமில்ல, ஜீப்புமில்ல மிஸ்.
ஆனா ரெண்டுட வரியும் ஈக்கி."

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டான்.
துவாரகன் குனிந்து டயரைப் பார்த்தான்.
டயரில் பார்க்க ஒன்றுமில்லை.
நான் ஸ்டாண்டை மடித்து டிக்கியில் வைத்தேன்.
நேராகக் கொள்ளவில்லை,
சரித்துப் போட்டால் கொண்டது,
பக்கத்தில் ஒரு அரிசி மூட்டைக்கும் இடம்.
"ரெண்டு" என்றேன்,
எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல்.

பிறகு பின்னுக்குப் போய் ஏறி இருந்தேன்.
குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கி
துணி மடிப்புக்குள் ஒளிந்திருந்தது.
விரலை விட்டுத் தடவினேன்.
ஒரு கீறல் இல்லை, பெயின்ட் உரியவில்லை.
நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர்
இந்தக் கொக்கி
சும்மாவே ஓடி வந்திருக்கிறது.

அவன் பொத்தானை அமுக்கினான்.
ஒரு பெண் பேசினாள்.
ஜப்பானியம். அவ்வளவு பணிவு,
கலியாண வாசலில்
பன்னீர் தெளிக்கிறவள் மாதிரி.
"என்ன சொல்றா?"
ரிஸ்மி சிரித்தான்.
அந்த ஊர்ப் பெரிய ரோட்டுக்கு ஒரு அட்டை உண்டாம்,
அது செருகப்படவில்லை என்கிறாளாம்.
"இஞ்ச தேவல்ல. வயரக் கழட்டி உடுறன்."
துவாரகன் தலையாட்டப் போனான்.
வேண்டாம் என்றேன்.

மரீன் டிரைவில் ஒரு சுற்று.
ரயில் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது,
ஓட்டோக்கள் முந்தின,
ஒரு ஐஸ்கிரீம் சைக்கிளும்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
மூச்சைப் பிடித்து இறக்கினான்,
பின்னால் யாரோ நித்திரை கொள்வதுபோல.
பின்னால் நான்தான் இருந்தேன்.
முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது எங்கள் வண்டி,
அறுபது தவணைகளில் நான்கு கட்டியாயிற்று.
காலை ஏழு பத்துக்கு
காலி வீதியில் ஏறுவதற்குமுன்
அவள் சொல்கிறாள்:
அட்டை இன்னும் செருகப்படவில்லை.
குற்றம் சொல்லும் குரல் இல்லை.
அவசரம் இல்லை.
மாமியின் டெலிபோன் ராகம் இல்லவே இல்லை.
துவாரகனும் மறுமொழி சொல்லப் பழகிவிட்டான்:
"ஓமோம். தெரியும்."

ஸ்டாண்ட் டிக்கியிலேயே கிடக்கிறது.
எடுக்கவேண்டும் என்று தினமும் நினைக்கிறோம்.
வீட்டில் எங்கள் உடுப்பெல்லாம்
ஜன்னல் கம்பியில் காய்கிறது.