எதிர் மரை

திம்மராயன் ரம்பத்தைப் பெஞ்சில் வைத்தான்.
நான் முதலில் பார்த்தது அவன் ஹெல்மெட்டை.
மஞ்சள் பெயின்ட் கிழிந்து
நெற்றியில் நாலு விரற்கடைக்கு ஒரு கோடு.

"பார் நுனி கணுவுல பட்டு எகிறிடுச்சுக்கா.
சங்கிலி சரியில்ல."

சங்கிலி சரியாகத்தான் இருந்தது.
பிடித்துக் காட்டு என்றேன்.
காட்டினான்:
வளையப் பிடியில் வலக்கை,
விசையில் இடக்கை.

"பீச்சாங்கையா?"
"பொறந்ததுலேர்ந்து."

வெளியே ராயக்கோட்டை மண்டிக்குத்
தக்காளி வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தன.
எப்படிச் சொல்வது இதை.
எங்கோ ஒருவன் இந்த ரம்பத்தை வரையும்முன்
ஒரு ஆளை நிற்க வைத்தான் மனதில்.
அவனுக்கு விசை வலக்கையில்.
அவன் தோளுக்கு ஒரு சாண் வெளியே போகிறது பார்;
எகிறினாலும் காற்றைத்தான் அறுக்கும்.
புகைகூட அவன் மூக்கைச் சுற்றிக்கொண்டு போகும்.
ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால்
'இவ்வளவுதான் கடிக்கலாம்' என்று
ஒரு குட்டித் திமில்.
எல்லாம் யோசித்தவன்தான்.
அந்த ஆள் நீ இல்லை, திம்மராயா.

அவன் சிரித்தான்.
"அப்ப பத்தொன்பது வருசமா
வேற எவனோட வண்டியையோ ஓட்டுறேன்."

அன்று ராத்திரி
கூட்டுறவு சங்கக் காலண்டரில் ஆடி மாதத்தைக் கிழித்து
முதுகில் வரைந்தேன்.
இடப்பக்கம் பார். அதற்கு எதிரே ஃப்ளைவீல்.
ஆயில் பம்ப் எங்கே போகும்?
ஆவணியையும் கிழித்தேன்.

கார்புரேட்டர் பற்றிக் கவலையில்லை.
அதில் மிதவை கிடையாது, மெல்லிய சவ்வு ஒன்றுதான்.
படுக்க வைத்தாலும் குடிக்கும்,
கவிழ்த்தாலும் குடிக்கும்.
தலைகீழாகப் பிடிக்கச் சம்மதிக்கிற இயந்திரம்
கை மாற்றிப் பிடிக்கச் சம்மதிக்காது.

ஓசூரில் லேத் வைத்திருக்கும் அன்சர் பாஷா
காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மரை கழண்டுருச்சா உனக்கு?"

மரை.
தொழிலுக்கு வந்த முதல் வாரம்
கிளட்சைக் கழற்றப் போய் ஸ்பேனரை உடைத்தேன்.
எல்லா மரையும் திறக்கிற பக்கம் திருப்பினால்
அது இறுகும்.
ஓட ஓடக் கழன்று விழாமலிருக்க
எதிர் மரை வெட்டியிருக்கிறார்கள்.
வலக்கைக்காரனுக்கென்றே செய்த அந்த உடம்புக்குள்
கிரீஸுக்கும் மரத்தூளுக்கும் நடுவே
ஒரு பீச்சாங்கைக்காரன் உட்கார்ந்துதான்
மொத்தச் சங்கிலியையும் சுற்றுகிறான்.
யாரும் அவனைச் சோற்றுக்கையால் செய் என்று
அதட்டுவதில்லை.

அன்சரிடம் இதைச் சொல்லவில்லை.
"போரிங் மட்டும் போட்டுத் தாங்க பாய்" என்றேன்.

செத்த ரம்பம் இரண்டு, பதினோரு வாரம்.
முக்கால் கிலோ கூடிவிட்டது.
பார்க்க லட்சணமும் இல்லை,
வெல்டிங் தழும்போடு
விபத்தில் பிழைத்தவன் மாதிரி.

காவேரிப்பட்டணம் தாண்டி சின்னப்பாப்பா தோப்பு.
போர் வற்றி மூன்று வருஷம்.
நாற்பத்தோரு பெங்களூரா மரம், ஒன்றில்கூட இலையில்லை.
"நிக்கிறதுக்கும் வாடகை கேக்கப் போறானுங்க, அறுத்துடு"
என்றது அந்தம்மா, வரப்பில் நின்று
போனைப் பார்த்தபடி.

திம்மராயன் கயிற்றை இழுத்தான்.
மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
விழுகிற பக்கம் வாய் வெட்டு,
பின்னால் மட்ட வெட்டு,
நடுவில் விட்ட கீல் முறிகிற சத்தம்.
சொன்ன இடத்தில் விழுந்தது மரம்.

நான் பார்த்தது அவன் கழுத்தை.
பார் இப்போது அவனை விட்டு ஒரு சாண் வெளியே ஓடுகிறது.
தலை இன்னும் சாய்கிறது,
அங்கே இல்லாத சங்கிலிக்கு விலகி.

எட்டாவது மரத்தில்தான் நிமிர்ந்தான்.

நிறுத்தி, இருமி,
கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
அழுகிறானோ என்று நினைத்துவிட்டேன்.

"எல்லாம் சரிக்கா.
புகை மட்டும் நேரா மூஞ்சிக்கு வருது."

சைலன்சர்.
அதைத் திருப்ப மறந்திருக்கிறேன்.
அதன் வாய் இன்னும்
வலக்கைக்காரனுக்கு மரியாதை செய்துகொண்டிருக்கிறது.

புரட்டாசி பாக்கியிருக்கிறது காலண்டரில்.