ஒன்றரைக் கட்டை இறக்கி

எழுபது தாண்டியவன்
தோல் கால்சட்டை போடக் கூடாது என்கிறான் அலோசியஸ்.
போடட்டுமே.
அதற்குள் நுழைந்து வெளியே வரும் பாடு
அவனுடையதுதானே.

சகீர் பாலைவனத்து அரங்கில் பிராஸ் பிஷப்ஸ்.
கடைசி வரிசை, இருபத்தெட்டு தினார்.
குதைபியா அறையில் என் பங்கு வாடகைக்கு
இரண்டே தினார் குறைவு.
ஐந்து பேரில் இருவர்தான் மிச்சம்.
ஒருவர் செத்துவிட்டார்,
ஒருவர் கோர்ட்டில் வழக்கு நடத்துகிறார்,
ஒருவர் எங்கோ குதிரை வளர்க்கிறாராம்.
டிரம்ஸில் உட்கார்ந்திருப்பது
பழைய டிரம்மரின் மருமகன்.

'இது அந்த பேண்டே இல்லைடா.'

நான் ஏசி மெக்கானிக்.
கம்ப்ரஸர் மாற்றி, காயில் மாற்றி, மோட்டாரும் மாற்றிவிட்டு
இது உங்கள் பழைய ஏசிதான் மேடம் என்று
இருபத்திரண்டு வருடமாகச் சத்தியம் செய்கிறவன்.
என்னிடம் கேட்டால்
ஒன்றுதான் பார்க்க வேண்டும்:
அறை குளிர்கிறதா?

குளிர்ந்தது.
மூன்றாவது பாட்டில் அந்த உச்சி வரும் இடம்,
பதினேழு வயதில் கேசட் தேயத் தேய
நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த இடம்,
கிழவர் ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாடினார்.
இறக்கியதை மறைக்கவில்லை.
நெஞ்சில் கை வைத்து, சிரித்து,
இவ்வளவுதான் இருக்கிறது என்பதுபோல் பாடினார்.
அலோசியஸ் உச்சுக் கொட்டினான்.
பக்கத்தில் ஒரு சவுதிக்காரர், என் வயசுதான்,
தலைத்துணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

சுருதி இறக்குகிறவனை நான் மன்னிப்பேன்.
தொப்பை, சாயம் பூசிய மீசை,
நான்காவது 'கடைசிச் சுற்றுப்பயணம்', எல்லாம் மன்னிப்பேன்.
நாடாவை ஓடவிட்டு
வாயை மட்டும் அசைக்கிறவனை
மாட்டேன்.
துபாயில் ஒரு கூட்டம் அப்படிச் செய்தது.
பஸ் காசு கணக்கில் இன்னும் நிற்கிறது.

சரி, என் குட்டு.

பிஷப்ஸ் கெட்டுப்போன வருடம் ஒன்று உண்டு.
கிட்டாரை மூலையில் சாத்திவிட்டு
கீபோர்டும் கைதட்டும் மிஷினும் வாங்கினார்கள்.
டெலிபோன் மணியோடு தொடங்குகிற ஒரு பாட்டு,
நடுவில் சாக்ஸபோன்,
'போனை எடு' என்று பதினாறு தடவை.
துரோகம் என்பான் அலோசியஸ்.
நானும் தலையாட்டுவேன்.
ஆகஸ்ட் மதியம் சித்ரா டிராஃபிக்கில்
வேன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
ஹெல்பர் தில்ஷாதை டீ வாங்க அனுப்பிவிட்டு
அதைத்தான் கேட்பேன்.
தில்ஷாத் திரும்பி வந்தால்
ரேடியோவில் ட்ராஃபிக் செய்தி.

சகீரில் அதைப் பாடவில்லை.
தப்பித்தோம் என்றான் அவன்.
தப்பித்தோம் என்றேன்.

அடுத்த வியாழன், ஜுஃபைர் ஹோட்டல்.
ரோவெனா, செபுவிலிருந்து வந்தவள்,
வாரம் ஆறு இரவு, வெள்ளி பூட்ஸ்,
அந்த உச்சியை அசல் சுருதியிலேயே
பிஸ்தா உரிப்பதுபோல் பாடிவிட்டுப் போவாள்.
யாரும் அவளுக்கு இருபத்தெட்டு தினார் கொடுப்பதில்லை.
துண்டுச் சீட்டில் டெலிபோன் பாட்டை எழுதி
பெயர் போடாமல் அனுப்பினேன்.

'ஒன்பதாம் மேசை! யார் கேட்டது?'

விரலை நீட்டினேன்.
அலோசியஸைக் காட்டி.

மறுப்பான், என் சட்டையைப் பிடிப்பான் என்று பார்த்தால்
எழுந்தான்.
பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.
மேடையேறி மைக்கை வாங்கி
கீபோர்டு பையனிடம் குனிந்து ஏதோ சொன்னான்.
மணி அடித்தது.
ஒன்றரைக் கட்டை கீழே.

இரண்டாம் சரணம்கூட அவனுக்குப் பாடம்.
சாக்ஸபோன் வரும் இடத்தில்
கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே ஊதினான்.
மேசைகள் தட்டின.
பதினாறு தடவை 'போனை எடு'.

நான் இருட்டில்
ஐஸ் கரைந்த கிளாஸைப் பிடித்துக்கொண்டு
சத்தம் வராமல்
வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.