நூற்றுப் பதினான்காம் தாள்

புந்தா அரீனாஸில் ஜூன் மாதம்
பத்து மணிக்கு விடிந்து ஐந்தரைக்கு இருட்டிவிடும்.
நகராட்சிக் கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.
ஜன்னலை உலுக்கும் காற்று,
கால்மாட்டில் எரிவாயு அடுப்பு,
மேசையில் முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள்.
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை
எண்ணாக்கித் தட்டச்சு செய்வது என் வேலை.
தாளுக்கு இருபத்துநான்கு வாக்கியங்கள்,
வாக்கியத்துக்கு ஐந்து வட்டங்கள்.
ஒன்று என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் ஆமாம் ஆமாம்.

மூன்றை யார் கண்டுபிடித்தார்களோ!
தெரியாது, சொல்ல மாட்டேன்,
இன்றைக்குக் கேட்காதே, மணியடிக்கப் போகிறது,
எல்லாம் மூன்றுக்குள் அடக்கம்.

ஏழாம் வகுப்பில் ஒருத்தன்
ஐந்து வட்டங்களையும் சேர்த்து
ஒரு செம்மறியாடு வரைந்திருக்கிறான்.
நல்ல ஆடு. செல்லாது.
ஒருத்தி மூன்றுக்கும் நாலுக்கும் இடையில்
வெற்றுக் காகிதத்தைக் கருப்பாக்கியிருக்கிறாள்.
கணினி மூன்றரையை வாங்காது.
காசைச் சுண்டிப் பார்த்து
நாலு என்று அடித்தேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

நூற்றுப் பதினான்கு.
ஒன்பதாம் வாக்கியம்:
கணக்கில் புதிதாகக் கற்பது எனக்குப் பிடிக்கும்.
ஐந்து.
பதினேழாம் வாக்கியம்:
கணக்கு வகுப்புக்கு முந்தின இரவு எனக்குத் தூக்கம் வராது.
ஐந்து.

விதிப்புத்தகம், பக்கம் ஆறு:
முரண்படும் தாள்களை நீக்குக.
நீக்கினால் அளவுகோலின் நம்பகம் கூடுமாம்,
இரண்டாம் தசமத்தில்.
"கவனிக்காமல் நிரப்பியது, தானித்சா. எடுத்துவிடுங்கள்"
என்கிறார் சந்தியாகோவிலிருந்து ஓரியல்.
இரைச்சலில்லாத குரல்.
அங்கே காற்று இல்லை போலும்.

கவனிக்காமலா?
பதினேழில் ரப்பர் தேய்த்துக் காகிதம் மெலிந்திருக்கிறது.
முதலில் ஒன்று, பிறகு இரண்டு,
கடைசியில் ஐந்து.
ஒரு உண்மைக்கு
மூன்று தடவை கையை நீட்டியிருக்கிறது ஒரு பென்சில்.

பெயர் எழுத வேண்டாம் என்று
தடித்த எழுத்தில் அச்சிட்டதற்கு நேர் கீழே
முழுப் பெயர்.
அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர், இரண்டும்.
வங்கியில் பெரியவர்கள் போடுவதுபோல்
கடைசியில் ஒரு சுழி.

பக்கம் இரண்டு: பெயர் இருந்தால் கருப்பாக்குக.
கருப்பாக்கினேன்.
தாளைத் திருப்பினால்
அழுத்தி எழுதிய பெயர் பின்பக்கம் புடைத்து நிற்கிறது,
இடவலம் மாறி.
விரலால் தடவினேன்.
அதற்கு விதி இல்லை.

என் கணவர் பதினோரு வருடமாக நீரிணைப் படகில் வேலை.
எனக்குக் கடல் பிடிக்கும்,
ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கரைக்குப் போவேன்.
அவர் கடலைக் கடக்கும் இரவில் கண் மூட மாட்டேன்.
எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தால்
அதையும் ஓரியல் நீக்கச் சொல்லியிருப்பார்.

ஐந்து, அடித்தேன்.
ஐந்து, அடித்தேன்.
நம்பகம் ஒரு மயிரிழை இறங்கியது.

பள்ளியின் சராசரி மூன்று புள்ளி ஆறு.
போன வருடம் மூன்று புள்ளி நாலு.
தலைமையாசிரியை அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்,
பச்சை அம்புக்குறி மேல்நோக்கி.
சராசரிக்கு வயிறு வலிப்பதில்லை.
அதற்குக் கணக்கும் பிடிக்காது.

அலுவலகம் பூட்டி இறங்கினேன்.
காற்று முற்றினால் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
கூடைப்பந்து முடிந்து நாலைந்து பிள்ளைகள்
கயிற்றோடு கயிறாக வந்தார்கள்.
அந்தப் பெயரைக் கூப்பிட்டால்
இவர்களில் யாராவது திரும்பக்கூடும்.
வாய் வரை வந்தது.

ஒருத்தி வேண்டுமென்றே கயிற்றை விட்டாள்,
வீலென்று கத்தினாள், இரண்டடி தள்ளிப் போனாள்,
மறுபடி பிடித்துக்கொண்டாள்,
மறுபடி விட்டாள்.

எனக்குப் பேருந்து வந்துவிட்டது.